பழைய பாட்டையும் புதிய பாட்டையும் நேர்மையாக எடைபோடுவது எப்படி?

கோத்தகிரியில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வந்ததும் அட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன்களிலிருந்தும் ஆட்கள் துண்டுச் சீட்டோடு வருவார்கள். சீட்டில் இருக்கும் பாட்டுகளை, அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழாகப் பதிந்து தருவேன். கடை போய்விட்டது. ஆனாலும் கடைத்தெருவில் பார்ப்பவர்கள், "அண்ணே, அந்தக் காலப் பாட்டு மாதிரி இப்போது ஒன்றாவது வருகிறதா?" என்று கேட்பதை விடவில்லை. வருகிறதா இல்லையா என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யலாம். கேட்கும் முறை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், உங்களுக்குப் பிடித்த பத்துப் பழைய பாட்டுகளை ஒதுக்கி வையுங்கள். அவை ஏற்கெனவே காலம் சலித்துக் கொடுத்தவை. 1985 என்று ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு வந்த படங்களில் பெயரே கேள்விப்படாத படங்களின் பாட்டுகளைக் கேளுங்கள். என் கடைக்கு வந்த இசைத்தட்டுகளில் எத்தனையோ பாட்டுகளை ஒருவர்கூடச் சீட்டில் எழுதியதில்லை. அன்றும் பதர் இருந்தது. இன்று வானொலியில் அது ஒலிப்பதில்லை. சென்ற ஆண்டின் பாட்டுகளையும் இதேபோல் மொத்தமாக எடுத்து, அதன் பிறகு பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது சத்தம். இரண்டில் எது உரக்க ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். இன்றைய பதிவுகளில் மெல்லிய ஒலியையும் உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்துகிறார்கள். ஆகவே ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் போட்டு, பல்லவியில் பாடகரின் குரல் சமமாகக் கேட்கும்வரை ஒலியளவைத் திருத்துங்கள். தாளத்தை வைத்துத் திருத்தினால் கணக்கு தவறும். பழைய பாட்டுக்கு, யாரோ கேசட்டிலிருந்து எடுத்துப் போட்ட பிரதி வேண்டாம். பெல்ட் தளர்ந்த டெக்கில் நாடா மெதுவாக ஓடினால் சுருதி இறங்கி, சுசீலாவின் குரலே கனத்துப்போகும். இசைத்தட்டு நிறுவனமே வெளியிட்ட பிரதியைத் தேடுங்கள்.

இனி, ஒரே ராகத்தில் வெவ்வேறு காலத்துப் பாட்டுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். ரீதிகௌளையை எடுத்துக்கொள்ளலாம். 1977இல் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 1999இல் ஏ.ஆர். ரகுமானின் 'அழகான ராட்சசியே', 2008இல் ஜேம்ஸ் வசந்தனின் 'கண்கள் இரண்டால்'. புதிய பாட்டில் ராகமே இல்லை என்பவர்கள் மூன்றாவதை இரண்டு முறை கேட்க வேண்டும்.

கேட்கும்போது பல்லவியில் மயங்கி நின்றுவிடாதீர்கள். இடையிசைக்குக் காது கொடுங்கள். எழுபது, எண்பதுகளின் நல்ல பாட்டில் இரண்டு சரணங்கள் இருக்கும்; முதல் சரணத்துக்கு முன் வரும் இடையிசை இரண்டாவதற்கு முன் திரும்ப வராது. வயலின் கூட்டம் ஒரு கேள்வி கேட்கும், புல்லாங்குழல் பதில் சொல்லும், அந்தப் பதிலின் கடைசிச் சுரத்தில் பாடகர் காலை வைப்பார். வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக இருந்து பதிந்த காலம். ஒருவர் பிசகினால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்தக் கவனம் பாட்டுக்குள் கேட்கிறது. சரணத்துக்கு முன் பாடகர் இழுக்கும் மூச்சுகூடக் கேட்கும். இன்று ஆளுக்கொரு நாள் தனித்தனியாகப் பதிகிறார்கள், சுருதியைக் கணினி திருத்துகிறது, மூச்சை வெட்டிவிடுகிறார்கள். பல பாட்டுகளில் இரண்டாவது சரணமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் பெரிய சொத்தை இழந்துவிட்டோம் என்பேன். யார் மறுத்தாலும் வாதாடுவேன்.

ஆனால் யாருடைய வாழ்க்கை பாட்டில் வருகிறது என்றும் பாருங்கள். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. அந்த லைன்களிலிருந்து வந்த சீட்டுகளில், அவர்களுடைய கதையைச் சொல்லும் சினிமாப் பாட்டு எதையும் நான் பார்த்த நினைவில்லை. 2021இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு அதில் வைத்திருக்கிறார். நடுவே ஒப்பாரி எழுகிறது. அதைப் பழைய மெல்லிசையின் அளவுகோலால் அளக்காதீர்கள். ஒப்பாரியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் அதன் பலம் பிடிபடும்.

பதினாறு, பதினேழு வயதில் கேட்ட பாட்டு எதுவானாலும் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நீங்கள் பிறப்பதற்கு முன் வந்த, இதுவரை கேட்டிராத பாட்டு ஒன்றையும் பட்டியலில் சேருங்கள்.

எல்லாம் கேட்டு முடித்ததும் ஒரு வாரம் எதையும் போடாமல் இருங்கள். பிறகு ஒவ்வொன்றின் சரணத்தையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பல்லவி யாருக்கும் வந்துவிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சரணம் வந்த பாட்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, எதிரே ஆண்டைக் குறியுங்கள்.