ஜெர்மனியில் பழைய டீசல் காரை விற்கிறீர்களா? முதலில் நம்பர் பிளேட்டைக் கழற்றுங்கள்

போன மாதம் ஸ்டுட்கார்ட் பக்கத்து எஸ்லிங்கனில் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. "வண்டி டியூஃப் சோதனையில தேறலண்ணா. பாஸ்ட்லர் வண்டின்னு விளம்பரம் போட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் எடுத்துட்டுப் போக வர்றார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் சூடு பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான்.

என்னுடையது 2007 மாடல் டீசல் செடான், புகைத் தரத்தில் யூரோ 4. நகரத்துக்குள் போகலாம் என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் கண்ணாடியில் இருந்தும் 2019 முதல் அந்த ரக டீசலுக்கு ஸ்டுட்கார்ட் நகரத்துக்குள் தடை வந்துவிட்டது. அதனால்தான் எனக்கு மலிவாகக் கிடைத்தது. நான்கு வருடம் நன்றாகவே உழைத்தது. பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் சோதனையில் மாட்டிக்கொண்டது. புகை வடிகட்டி அடைப்பு, கதவுக்குக் கீழே துரு, கிளட்ச் பக்கம் ஒரு கடகட சத்தம். ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகை வண்டியின் விலையைவிட அதிகம். இந்த நிலைமையில் இருக்கும் வண்டியை இங்கே 'பாஸ்ட்லர்ஃபார்ட்சொய்க்' என்று போட்டு விற்பார்கள். கையால் நோண்டிச் சரிசெய்யும் ஆசை உள்ளவருக்கான வண்டி என்று பொருள்.

கிளைன்அன்சைகன் என்ற விளம்பரத் தளத்தில் விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் "வாஸ் இஸ்ட் லெட்ஸ்டே ப்ரைஸ்" என்று செய்தி வரும். வணக்கம் கிடையாது, வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது, நேராகக் கடைசி விலைதான். கோபப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான் வரும்.

ஒப்பந்தப் படிவத்தை ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இலவசமாகவே தருகிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பாஸ்ட்லர்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். தீராது. குறைகளுக்கான பொறுப்பை விலக்கும் வரி ஒப்பந்தத்தில் தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த வண்டியை விற்கும் தனிநபர்கூட இரண்டு வருடம் பதில் சொல்ல வேண்டி வரும். அந்த வரி இருந்தாலும், தெரிந்த குறையை மறைத்து விற்றால் அது காப்பாற்றாது. அதனால் துரு, அடைப்பு, சத்தம் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். "எஞ்சின் சூப்பர்" என்று விளம்பரத்தில் வாயை விடாதீர்கள். இதெல்லாம் நான் ஒழுங்காகவே செய்தேன்.

சறுக்கியது வேறு இடத்தில். ஊரில் எப்படி விற்போம்? புரோக்கர், ஆர்.சி. புக், படிவம் 29, 30-இல் கையெழுத்து, கையில் காசு. பேர் மாற்றுவதை வாங்கியவர் மெதுவாகப் பார்த்துக்கொள்வார். என் மாமா கோவையில் விற்ற அம்பாசடர் டீசல், அவர் பேரிலேயே நான்கு வருடம் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டு ஓடியது. ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் மாமா அதைப் பார்த்து, நிறுத்தி, போனெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் விஷயம். நம்பர் வண்டியோடு போகும், வரி ஆயுளுக்கும் ஒரே தடவை.

இங்கே நம்பர் உங்களுடையது. வரி வருடா வருடம், அதுவும் சுங்கத்துறை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். என் இரண்டு லிட்டர் பழைய டீசலுக்கு வருடம் 308 யூரோ. அந்த நம்பரைப் பதிவு அலுவலகத்தில் ரத்து செய்யும்வரை, அதாவது 'அப்மெல்டுங்' முடியும்வரை, கடிதம் எல்லாம் உங்கள் வீட்டுப் பெட்டிக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை வாங்க வந்தவர் இரண்டு நண்பர்களோடு வந்தார். ஒன்பது நூறு யூரோ நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில் நானே அப்மெல்டுங் செய்துவிடுகிறேன், ஷெஃப்" என்றார். ஷெஃப், அதாவது முதலாளி, என்றதில் நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் கழற்றிக்கொண்டேன். பிளேட்டைக் கழற்றவில்லை. அவர் எழுதிய முகவரியை அடையாள அட்டையோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் முதல் கடிதம் வந்தது. வேகக் கேமரா எடுத்த படம், என் வண்டி, ஸ்டியரிங்கில் யாரோ ஒரு தாடிக்காரர். இங்கே வேகத்துக்கு ஓட்டியவர்தான் பொறுப்பு என்பதால் அதிலிருந்து தப்பித்தேன். பார்க்கிங் கடிதங்கள் அப்படியில்லை. ஓட்டியவர் கிடைக்காவிட்டால் செலவை வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில் கட்டுவார்கள். அப்புறம் அந்த 308 யூரோ கணக்கிலிருந்து போனது. ஒப்பந்த நகலோடு பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். வண்டியை விற்றவுடனேயே வாங்கியவரின் பெயர், முகவரியோடு நீங்கள் அறிவித்திருக்க வேண்டும் என்றார்கள். அறிவித்தேன், அந்த முகவரியில் அப்படி ஒரு ஆளே இல்லை. வண்டியை ஓட்டத் தடை போட்டுப் பதிவை ரத்து செய்ய ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு கடிதத்தையும் அகராதி வைத்துக்கொண்டு படித்த இரவுகள் வேறு.

வயிற்றெரிச்சல் இதோடு முடியவில்லை. 2015-க்குப் பிறகு பதிவான வண்டிகளுக்குப் பிளேட்டின் முத்திரையிலும் பதிவுச் சான்றிதழிலும் ஒரு ரகசியக் குறியீடு மறைந்திருக்கும். அதைச் சுரண்டி ஆன்லைனிலேயே அப்மெல்டுங் செய்யலாம். என் பேரில் அந்த வண்டி பதிவானது 2019-இல். பிளேட்டையும் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே சமையலறை மேசையில் உட்கார்ந்து முடித்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பதிவை ரத்து செய்த வண்டியைத் தெருவில் நிறுத்தக் கூடாது. சொந்த பார்க்கிங் இருந்தால் முன்பே ரத்து செய்துவிட்டு விளம்பரம் போடுங்கள். நம்மில் பலரைப் போலத் தெருவில்தான் நிறுத்துகிறீர்கள் என்றால், வேலை நாளில் காலை நேரத்துக்கு வாங்குபவரை வரச் சொல்லி, சேர்ந்தே அலுவலகத்துக்குப் போங்கள். முன்பதிவு தேவையா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 'ஃபார்ட்சொய்க்ஷைன்' என்ற சிறிய பதிவுச் சான்றிதழும் இரண்டு பிளேட்டும் போதும். உரிமைக்கான 'பிரீஃப்' என்ற பத்திரம் மட்டும் காசு கைக்கு வரும்வரை உங்கள் பையிலேயே இருக்கட்டும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எழுதுங்கள், தேதியோடு மணி, நிமிடமும் போடுங்கள். ஒப்பந்த நகல் ஒன்றை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்புங்கள்.

பிளேட் இல்லாமல் எப்படி எடுத்துப்போவது என்று வாங்குபவர் முகம் சுளிப்பார். டிரெய்லர் கொண்டுவரட்டும். பழுது வண்டி வாங்குவதே தொழிலாக உள்ளவரிடம் டிரெய்லர் இல்லாமல் இருக்காது. இதற்காக நூறு யூரோ குறைக்கச் சொன்னால் குறைத்துவிடுங்கள், என் கணக்கில் அது லாபம்தான்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வேறொருவரோடு அலுவலக வாசலில் நின்றார். பிளேட்டைக் கழற்ற என் வீட்டு ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுத்துப் போனார். அது இன்னும் திரும்பி வரவில்லை.