கணக்கிலும் அறிவியலிலும் சிரிப்பைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில், சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்குப் பக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தருகிறேன். பாடத்தில் சிரிப்பு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவது, ஆங்கில ஜோக்கை அப்படியே தமிழில் சொல்லும்போதுதான். "உலகத்தில் 10 வகை மனிதர்கள்தான், இரும எண் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்." இரும முறையில் 10 என்றால் இரண்டு. வாய்விட்டுப் "பத்து வகை" என்றதுமே அது செத்துப்போகும். பலகையில் எழுதித்தான் காட்ட வேண்டும். பழைய தமிழ் எண்ணில் எழுதினாலும் செல்லாது. அதில் பத்துக்கு ௰ என்று தனிக்குறி. பூச்சியமும் இடமதிப்பும் இருப்பதால்தான் அந்த ஜோக்கே பிறக்கிறது.

நம்மிடமே சரக்கு இருக்கிறது. எண்சுவடி என்கிற பழைய தமிழ்க் கணக்கு வாய்பாட்டு நூலில் 1/320-க்கு முந்திரி என்று பெயர். கல்யாணப் பந்தியில் 320 பேர், அண்டா நிறையப் பாயசம். "ஆளுக்கு ஒரு முந்திரி ஊத்துப்பா" என்கிறார் ஆச்சி. பரிமாறுகிறவர் கரண்டியால் பருப்பைத் தேடுகிறார். ஆச்சி சொன்னதோ அண்டாவில் 320-ல் ஒரு பங்கு; கடைசி இலைக்கு வரும்போது அண்டா சரியாகக் காலியாகும். ஆனால் இந்தப் பின்னத்தை முன்பே சொல்லித்தந்திருக்க வேண்டும். ஜோக்கைச் சொல்லிவிட்டுப் பாடத்தை விளக்கினால் இரண்டும் நிற்காது.

பிள்ளையின் பதிலைப் பார்த்துச் சிரிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். நானும் அதைச் செய்திருக்கிறேன். "மின்தடை கூடினால் மின்னோட்டம் என்னாகும்?" என்று கேட்டேன். "கரண்டே இருக்காது சார், ஃபேன் நின்னுடும்" என்றான் ஒருவன். நான் கேட்டது மின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும் அளவை; அவன் எடுத்துக்கொண்டது கரண்ட் கட்டை. வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அவன் சொன்னதில் பிழையே இல்லை. ஊரில் மின்தடை என்றால் சுற்று எங்கோ திறந்திருக்கிறது. அங்கே தடை முடிவிலி, ஓம் விதிப்படி மின்னோட்டம் பூச்சியம். மறுநாள் அதை அவன் கையாலேயே பலகையில் எழுத வைத்தேன்.

சிரிப்புக்காகப் பொய் சேர்க்காதீர்கள். ஆப்பிள் விழுவதை நியூட்டன் பார்த்தார் என்பதற்குத்தான் பதிவு இருக்கிறது, தலையில் விழுந்ததற்கு இல்லை.

வேடிக்கையானது வீண் என்று ஒதுக்குவதும் தவறு. 1997-ல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கைம் உள்ளிட்டோர், சுமார் 16 டெஸ்லா காந்தப்புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். தண்ணீரைக் காந்தப்புலம் மிக லேசாக விலக்கும். தவளையின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இதற்காக 2000-ல் கைமுக்கும் மைக்கேல் பெர்ரிக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அதே கைம் 2010-ல், கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த கிராஃபீன் பற்றிய ஆய்வுக்காக, நோபல் பரிசையே பெற்றார்.

இதைச் சொன்னதும், "அப்ப நம்ம மிதப்போமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நம் உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. ஆள் நுழையும் அளவுக்கு அகலமாக அவ்வளவு வலுவான காந்தம் வேண்டும் என்றேன். அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நோட்டில் வரைய ஆரம்பித்துவிட்டாள்.