டயரைக் குறை சொல்வதற்கு முன்னால்: ட்ராக் டேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. விடியற்காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் இருக்கலாம். பைக்கை டெம்போவில் ஏற்ற வேண்டியதில்லை, ஓட்டிக்கொண்டே போய்விடலாம். ட்ராக் டே அன்று, அதாவது சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்க விடும் நாளில், 2.1 கிலோமீட்டர் ட்ராக்கில் ஆசை தீர ஓட்டிவிட்டு அதே வண்டியில் வீடு திரும்பலாம். ஆனால் அங்கே அடிக்கடி காதில் விழும் புலம்பல் இதுதான்: “அண்ணா, முன் டயரு புடிக்கவே மாட்டேங்குதுண்ணா.” பெரும்பாலும் டயர் மேல் குற்றம் இருக்காது. காற்றிலும் சூட்டிலும் ஓட்டுபவர் கையிலும்தான் கோளாறு.

முதலில் காற்று. ட்ராக்குக்கு வந்து சேர்ந்ததும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, யாரோ சொன்ன ஓர் எண்ணுக்குக் காற்றை இறக்குவார்கள். அவ்வளவு தூரம் ஓடிவந்த டயர் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்பது நினைவிலேயே இருக்காது. சூட்டில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டும் டயர் ஆறினால் 27க்குக்கூட இறங்கிவிடும். ஆறிய அளவு வேறு, சூட்டளவு வேறு. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அது எந்த அளவு என்று முதலில் கேளுங்கள். ஆறிய அளவை வீட்டு வாசலில், வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. அதுவும் சொந்தக் கேஜில். பங்க்கில் இருக்கும் மெஷினும் பஞ்சர் கடைக் கேஜும் ஒரே டயருக்கு இரண்டு கணக்குச் சொல்லும்.

கேஜை வெறும் காற்றளவு பார்க்கும் கருவி என்று நினைப்பதும் ஒரு தவறுதான். டயருக்குள் அது தெர்மாமீட்டர் வேலையும் செய்கிறது. காலையில் 25 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயரில், உள்ளே இருக்கும் காற்று ஆறு டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூடேறினால் ஒரு பிஎஸ்ஐ கூடும். ட்ராக்கில் ஒரு முறை ஓட்டும் செஷனை முடித்து, வண்டியை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். 38 காட்டினால் உள்ளே ஏறக்குறைய 40 டிகிரி ஏறியிருக்கிறது, டயர் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். 34தான் காட்டுகிறதென்றால் டயர் இன்னும் சூடே பிடிக்கவில்லை. ஒன்று, நீங்கள் மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். இல்லையென்றால் காற்று அதிகமாக இருப்பதால் ரப்பர் வளைந்து கொடுக்கவில்லை. மாறாக ஒரேயடியாக ஏறியிருந்தால், ஆரம்பத்தில் காற்று மிகவும் குறைவாக இருந்திருக்கும். அப்போது டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மேல் நெளிந்து சூடாகிறது. ‘காற்றைக் குறைத்தால் கிரிப் கூடும்’ என்பது ஓரளவு வரைக்கும்தான் உண்மை. அதற்குக் கீழே போனால் வண்டி வளைவில் குழைந்து ஆடும். ரேடியல் அல்லாத சாதா டயர் போட்ட வண்டியில் கம்பெனி சொன்ன அளவிலிருந்து ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறைக்கவே வேண்டாம்.

நைட்ரஜன் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டயர் வால்வுக்குப் பச்சை மூடி மாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடேறினால் இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். கம்ப்ரசரில் தண்ணீர் சேராமல் இருந்தாலே போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடுவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும் தவறு. பையன் ஆர்வமாகக் கழுவி, அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்ப்ரே அடித்து, போனால் போகிறதென்று டயருக்கும் கறுப்புப் பாலிஷ் தடவி அனுப்பிவிடுவான். பக்கச்சுவரில் தடவியது ஓட ஓட ரப்பர் பட்டைக்கும் பரவும். வண்டியைப் படுத்து ஓட்டும்போது ரோட்டில் படுவது அந்த ஓரம்தான். பார்க்கப் பளபளவென்று இருக்கும், முதல் வளைவிலேயே ஆளைத் தூக்கிப் போடும். செயினுக்கு அடிக்கும் லூப் எண்ணெயும் இப்படித்தான். கிளம்பும் அன்று காலையில் அடித்தால் அது பின் டயரில் தெறிக்கும். முந்தின நாள் ராத்திரியே அடித்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். புது டயரும் மேல்தோல் தேயும்வரை வழுக்கும். நூறு கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டிப் பழக்கிய பிறகு ட்ராக்குக்குக் கொண்டுவாருங்கள்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3122 என்றால் 2022ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வருடக்கணக்காக வெயிலில் கிடந்து இறுகிய ரப்பர் பிடிக்காது.

அப்புறம் ஸ்லிக் மோகம். 200 சிசி வண்டிக்கு, பட்டையில் வரிப்பள்ளமே இல்லாத ரேஸ் டயரான ஸ்லிக்கை மாட்டினால் கிரிப் கொட்டும் என்று நினைக்கிறார்கள். அந்த ரப்பர் நல்ல சூட்டில்தான் இளகும். அதற்காகத்தான் ரேஸ்காரர்கள் டயர் வார்மர் என்ற கரண்ட் போர்வையைப் போர்த்தி, 80 டிகிரி போலச் சூடாக்கி வெளியே விடுகிறார்கள். வார்மர் இல்லாமல், சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு அந்தச் சூட்டைக் கொண்டுவருவது கஷ்டம். ஆறிய ஸ்லிக்கைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் ரோடு டயரே மேல். அகல டயர் ஆசையும் இந்த வகைதான். 140 மில்லிமீட்டர் அகல டயருக்கு அளந்த ரிம்மில் 160 மாட்டினால் இரண்டு ஓரமும் நெருக்குண்டு டயரின் வளைவே மாறிவிடும். வண்டி திரும்ப மறுக்கும்.

டயரைச் சூடாக்குகிறேன் என்று முதல் லேப்பில் (சுற்றில்) பாம்பு மாதிரி வளைந்து நெளிவதால் பயன் குறைவு. நேர் ரோட்டில் நிதானமாக, ஆனால் அழுத்தமாக பிரேக் பிடித்து, மறுபடி அழுத்தமாக வேகம் எடுங்கள், டயர் சீக்கிரம் சூடாகும். அப்போதும் முதல் இரண்டு லேப் அடக்கமாகவே போங்கள். ஒரு பக்கமே வளைவு அதிகமுள்ள ட்ராக்கில் மறுபக்கத்து ரப்பர் ஆறிப்போய்தான் இருக்கும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயர் தரும் பிடிப்புக்கு ஒரு மொத்த அளவு உண்டு. அதை பிரேக்கும் சாய்வும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முழுச் சாய்வில் முன் பிரேக்கைத் தொட்டால் பங்கு போதாமல் போகிறது. வண்டியைச் சாய்க்கச் சாய்க்க பிரேக்கை விட்டுக்கொண்டே வர வேண்டும். வளைவின் நடுவில் பயந்து த்ராட்டிலைப் பட்டென்று மூடினாலும் எடை முன் டயரில் விழுந்து இதே கதைதான்.

பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்கே இருந்து வரும் காற்று கணவாய் வழியாகப் புகுந்து கோயம்புத்தூர் பக்கம் வீசும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 150 கிலோ வண்டி எம்மாத்திரம்? பக்கக் காற்று தள்ளும்போது பலர் டயர்தான் நழுவுகிறது என்று எண்ணி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார்கள். அந்த இறுக்கமே முன் சக்கரத்தை ஆட்டும். தொடையால் டேங்கைக் கவ்விக்கொண்டு கையைத் தளர விடுங்கள். காற்று கொண்டுவந்து போடும் மண்ணும், தேய்ந்து உதிர்ந்த ரப்பர் துகளும் எல்லோரும் ஓட்டும் வழக்கமான லைனுக்கு வெளியேதான் குவியும். ஓவர்டேக் செய்கிறேன் என்று அங்கே போகாதீர்கள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது டயர் ஆறியிருக்கும், காலையில் இறக்கிய காற்றும் இறங்கியபடியே இருக்கும். நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, எம் சாண்ட் டிப்பர்களுக்கு நடுவே குண்டும் குழியுமான ரோட்டில் போக அந்த அளவு போதாது. பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்திலேயே தனியாகப் போட்டிருக்கும். செட்டிபாளையத்தைத் தாண்டுவதற்குள் அந்த அளவுக்குக் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.