46 மீட்டர் நாடாவில் பூமியின் வயது: அளந்து கட்டும் முறை

பூமியின் வரலாற்றை நீளமான ஒரு நாடாவில் அளந்து குறிக்கும் இந்த வேலைக்கு நம் லட்சம், கோடிக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். 1 மில்லிமீட்டர் என்றால் 1 லட்சம் ஆண்டு, 1 சென்டிமீட்டர் 10 லட்சம், 1 மீட்டர் 10 கோடி. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. ஆகவே நாடாவில் 45 மீட்டர் 40 செ.மீ. புத்தகங்களில் காலம் பெரும்பாலும் மில்லியனில்தான் இருக்கும். அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், மில்லியன் எண்ணே சென்டிமீட்டர். 66 மில்லியன் என்றால் 66 செ.மீ., அவ்வளவுதான். கோடிக்கு மாற்றப் போய் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் டைனோசர்களின் அழிவு 6 மீட்டர் 60-க்குப் போய், விலங்குகளின் உறுதியான தடயமே இல்லாத காலத்தில் நிற்கும்.

பள்ளி மைதானமோ நீளமான தெருவோ இருந்தால் போதும். இடம் குறைவென்றால் எல்லா அளவையும் பாதியாக்கி 23 மீட்டரில் கட்டலாம். அதற்கும் கீழே போகாதீர்கள். மனிதனுக்கு ஒரு பேனாக் கோட்டின் அகலம்கூட மிஞ்சாது.

கயிறு வேண்டாம். நைலான் கயிறு இழுத்தால் நீளும். தென்னங்கயிற்றில் எழுத முடியாது. கட்டிலுக்குப் பின்னுகிற அகல நாடாதான் சரி. 48 மீட்டர் வாங்குங்கள், இரு முனையிலும் கட்டுவதற்கு மீதி வேண்டும். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் முனைகளை 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிட்டு, அதன் பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். முடிச்சுப் போட்டால் முடிச்சே சில கோடி ஆண்டுகளை விழுங்கிவிடும். இவை தவிர 30 மீட்டர் அளவு டேப், மார்க்கர், மெல்லிய பால்பாயிண்ட் பேனா, துணி கிளிப் 40, கெட்டி அட்டை, நான்கு நிறத் துணிப்பட்டை.

அளப்பதை எப்போதும் ‘இன்று’ என்ற முனையிலிருந்தே தொடங்குங்கள். புவியியல் வயதுகள் எல்லாமே இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. பூமி பிறந்த முனையிலிருந்து அளந்தால் ஒவ்வொரு எண்ணையும் கழித்துப் போட வேண்டிவரும். தவிர, அந்த முனையே நூல் பிடித்தாற்போல் நிலையானதல்ல. அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1956-இல் விண்கல்லின் ஈயத்தை வைத்து 455 கோடி என்று கணித்தபோது, ஏழு கோடி கூடலாம் குறையலாம் என்றே சொன்னார். நம் நாடாவில் அது இருபக்கமும் 70 செ.மீ. பின்னால் வந்த கணக்குகள் இந்த இடைவெளியை நன்றாகக் குறுக்கிவிட்டன; எண்ணோ அருகிலேயே நிற்கிறது.

நாடாவைத் தரையில் விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, இரு முனையையும் செங்கல் வைத்து அழுத்துங்கள். ஒரு சதவீதம் கூடுதலாக இழுத்துவிட்டால் 45 செ.மீ. தவறும், அதாவது நாலரைக் கோடி ஆண்டு. ஒரு மீட்டர் ஸ்கேலை 45 முறை எடுத்து எடுத்து வைப்பதும் ஆபத்துதான். ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. பிசகினாலே கடைசியில் 9 செ.மீ. சேர்ந்துவிடும். அளவு டேப்பை 30 மீட்டர் வரை ஒரே வீச்சில் ஓட்டி, அங்கே கோடு போட்டு, மிச்சத்தை அந்தக் கோட்டிலிருந்து அளந்து முடியுங்கள்.

பிறகு நிறம், பூமி வரலாற்றின் நான்கு பெருங்காலங்களுக்கும் ஒவ்வொன்று. பூமி பிறந்த தொலைமுனையிலிருந்து 40.31 மீட்டர் வரை ஹேடியன், அங்கிருந்து 25 மீட்டர் வரை ஆர்க்கியன், அடுத்து 5.39 வரை புரோட்டிரோசோயிக், மீதி ஃபனரோசோயிக். துணிப்பட்டையை விளிம்போரமாக ஒட்டினால் எழுத இடம் இருக்கும்.

இனி அட்டைகள். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த மிகப் பழைய சிர்கான் என்ற கனிம மணிகளுக்கு 44 மீட்டர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட் என்ற பாறைப் படிவத்துக்கு 34.8. இந்த அட்டையில் ‘உயிர் தோன்றியது’ என்று எழுதாதீர்கள். ‘நன்கு ஏற்கப்பட்ட பழைய தடயம்’ என்று எழுதுங்கள். உயிர் அதற்கு முன்பே இருந்தாக வேண்டும், நமக்குக் கிடைத்த கல்தான் அந்த வயதுடையது. நாடா முழுவதும் இந்த வேறுபாட்டைக் கவனித்தால் பாதிப் பிழைகள் வராது.

25 மீட்டரில் அட்டைக்குப் பதில் ஒரு கல்லையே வைக்கலாம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையது. கல்கத்தாவில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. சென்னையைச் சுற்றிய பகுதியில் உடைக்கும் கருங்கல் ஜல்லியில் இது கிடைக்கும். புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்: எண்ணெய் தடவினாற்போலக் கரும்பச்சைப் பளபளப்பு, நடுவே நீலம் ஓடிய குவார்ட்ஸ் மணிகள். வெயில் பட்டுப் பழுப்பேறிய முகத்தில் இது தெரியாது, ஆகவே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வையுங்கள்.

24 மீட்டரை ஒட்டிக் காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது. இது ஒரே நாளில் நடந்ததல்ல, எனவே கிளிப் போடாமல் ஒரு நீளப் பட்டையாகக் காட்டுங்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் அதற்கும் முன்பே ஆக்சிஜனை வெளியிட்டது. கடலில் கரைந்திருந்த இரும்பு போன்றவை அதைத் தின்று தீர்த்தன. உட்கருவுள்ள செல்லின் புதைபடிவம் 16.5, கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்த சிவப்புப் பாசி 10.5. 7.2 முதல் 6.35 வரை, இடையில் ஓர் இடைவேளை விட்டு, பூமியைப் பனி போர்த்திய காலம்.

இந்த நாற்பது மீட்டரில் அட்டைகள் மிகக் குறைவு. வெறிச்சென்று இருக்கிறதே என்று எதையாவது எழுதி நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். நடந்து பார்ப்பவர் அந்த வெறுமையை நடந்தே கடக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நீளம்.

நெரிசல் 5.75 மீட்டரில், எடியாக்காரன் காலத்து மெல்லுடல் உயிர்களோடு தொடங்கும். விலங்கு வகைகள் பெருகிய கேம்பிரியன் காலத்தின் தொடக்கம் 5.39, நிலத்தாவரங்களின் பழைய வித்துத்துகள் 4.7, மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக் 3.75. பேரழிவுகள் ஐந்துக்கும் கறுப்பு நூல் கட்டுங்கள்: 4.44, 3.72, 2.52, 2.01, 0.66 மீட்டர். டைனோசர்கள் 2.3-ஐ ஒட்டி வருகின்றன. ஸ்டெகோசாரஸை 1.5-இலும் டைரனோசாரஸை 67 செ.மீ.யிலும் தொங்கவிட்டால், டைரனோசாரஸ் ஸ்டெகோசாரஸைவிட நமக்கே பக்கத்தில் நிற்பது தெரியும். கார்ட்டூனில் இரண்டையும் சண்டை போட வைக்கிறார்களே, அதற்கு இடையிலுள்ள இந்த 83 செ.மீ.யே பதில்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கடல் படிவங்கள் பெரும்பாலும் 1 மீட்டருக்கும் 66 செ.மீ.க்கும் இடையில் வரும். இந்தியத் தட்டு ஆசியாவில் மோதியது 50 செ.மீ. அருகில். திருவக்கரை கல்மரங்கள் 20 செ.மீ.யில். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் இருப்பவை பாதுகாக்கப்பட்டவை, ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது; படம் ஒட்டினால் போதும்.

அட்டைகள் ஒன்றையொன்று மறைக்காமலிருக்க 10, 25, 40 செ.மீ. என மூன்று உயரங்களில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். கடைசி 10 செ.மீ.க்கு அதுவும் போதாது. தனியாக 1 மீட்டர் நாடாவை வெட்டி, பத்து மடங்கு பெரிதாக்கி, 1 செ.மீ. = 1 லட்சம் ஆண்டு என்று குறித்து, பெரிய நாடாவுக்குக் குறுக்காக வையுங்கள். நேர்க்கோட்டில் வைத்தால் பார்ப்பவர் நீளத்தைத் தவறாகக் கூட்டிக்கொள்வார். இதில் எத்தியோப்பியாவில் கிடைத்த மனித மூதாதை எலும்புக்கூடான லூசி 32 செ.மீ., சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தின் கற்கோடரிகள் 15, நம் இனத்தின் பழைய எலும்புகள் 3.

பெரிய நாடாவில் அந்த 3 செ.மீ. வெறும் 3 மி.மீ. மார்க்கர் கோடு ஒன்றே 2 மி.மீ. அகலம் என்பதால் இங்கே மார்க்கரைத் தொடாதீர்கள், பால்பாயிண்ட் மட்டும். பனியுகம் முடிந்து 11,700 ஆண்டு; அது ஒரு தாளின் தடிமன். கீழடியின் 2,600 ஆண்டு அதில் நாலில் ஒரு பங்குதான், எந்தப் பேனாவாலும் குறிக்க முடியாது. ‘விளிம்புக்குள் அடக்கம்’ என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

தொங்கவிடுவதானால் ஐந்து மீட்டருக்கு ஒரு கழி வேண்டும், இல்லாவிட்டால் நாடா நடுவில் தொய்யும். முடிந்ததும் கிளிப்புகளைக் கழற்றி, ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் அதன் அளவை எழுதி வையுங்கள். பிவிசி குழாயில் சுற்றும்போது ‘இன்று’ முனை உள்ளே, தொலைமுனை வெளியே. அடுத்த முறை பூமியின் பிறப்பிலிருந்து விரித்தபடியே நடந்து வரலாம்.