ரசாயனங்களை அகர வரிசையில் அடுக்காதீர்கள்

ஆய்வகங்களில் நிறைய பேர் செய்யும் முதல் தவறு, பாட்டில்களைப் பெயர் வரிசைப்படி அடுக்குவது. தேடி எடுக்கச் சுலபம்தான், ஆனால் ஆங்கில எழுத்து வரிசையில் வைத்தால் அசிட்டிக் அமிலமும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டில் வந்துவிடும். முன்னது எரியக்கூடியது, பின்னது ஆக்சிஜனேற்றி, அதாவது தீயை இன்னும் தீவிரமாக்கிவிடும் ரகம். ஒரு பாட்டிலுக்கு இடம் தேடும்போது, இது கசிந்தால் பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள். வகை பிரித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வகைக்குள்ளும் வேண்டுமானால் பெயர் வரிசை வைத்துக்கொள்ளலாம்.

சரி, அமிலம் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கலாமா? கூடாது. நைட்ரிக் அமிலத்தைத் தனியாகத்தான் வைக்க வேண்டும், அசிட்டிக் அமிலம் மாதிரியான கரிம அமிலங்களோடு சேர்க்கவே கூடாது. கழிவு பாட்டிலிலும் இதே கதைதான்: நைட்ரிக் அமிலக் கழிவு இருக்கும் பாட்டிலில் யாரோ கொஞ்சம் எத்தனாலையோ அசிட்டோனையோ ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. உள்ளே மெல்ல மெல்ல வாயு சேர்ந்து, ஆளில்லாத நேரத்தில் பாட்டில் வெடித்துச் சிதறும்.

எனக்கு அதிகம் பயம் தருவது பழைய ஈதர் பாட்டில்கள். டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃப்யூரான் போன்றவை காற்று பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெராக்சைடாக மாறும், அதுவும் உராய்ந்தாலே வெடிக்கக்கூடிய பெராக்சைடு. அதனால் பாட்டில் வந்த தேதி, திறந்த தேதி இரண்டையும் அழியாத மையில் எழுதுங்கள். திறந்து 6 மாதத்துக்குள் பெராக்சைடு சோதனை செய்யுங்கள், இல்லையென்றால் அகற்றிவிடுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், திறந்து பார்க்கவே பார்க்காதீர்கள், உடனே பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள்.

அதே ஈதரைக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சாதாரண ஃப்ரிட்ஜில் வைப்பது அடுத்த தவறு. டைஎத்தில் ஈதரின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி வரத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் −45 டிகிரி செல்சியஸ், ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதோ 4 டிகிரி. அடைத்த பெட்டிக்குள் ஆவி நிறைந்து, விளக்கு சுவிட்சிலோ தெர்மோஸ்டாட்டிலோ வரும் சின்னப் பொறி பட்டாலே போதும். எரியும் திரவங்களுக்கென்றே பொறி வராத ஃப்ரிட்ஜ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பாட்டில் எதனால் ஆனது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியை அரிக்கும், பாலிஎத்திலீன் பாட்டில்தான் அதற்குச் சரி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கண்ணாடி மூடி போட்டு வைத்தால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது.

அப்புறம் இடம். அமில பாட்டிலைக் கண் உயரத்துக்கு மேலே வைக்காதீர்கள், எடுக்கும்போது கை தவறினால் முகத்தில்தான் கொட்டும். ஃபியூம் ஹுட்டை, அதாவது நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியை, கிடங்காக்கினால் காற்றோட்டம் கெட்டு, அது எதற்காக இருக்கிறதோ அந்த வேலையே நடக்காது. திரவ பாட்டில்களுக்கு அடியில் கசிவைத் தாங்கும் தட்டு வையுங்கள், அமிலத்துக்கு ஒன்று, காரத்துக்கு வேறொன்று.

எதை எதனோடு வைக்கலாம் என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். பாட்டிலோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 7-வது பிரிவு சேமிப்பு முறையையும் 10-வது பிரிவு ஒத்துவராத பொருட்களையும் சொல்லும். பாட்டில் வந்த அன்றே இரண்டையும் படித்துவிட்டு இடம் ஒதுக்குங்கள்.