60 செகண்ட் பெஞ்ச்மார்க்க நம்பாதீங்க: விஎம் டெஸ்ட்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் ஆசையா ஒரு கிராஃப் காட்டினான். ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் தானா கிளம்பி, கிளவுட்ல புது விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஒண்ண உருவாக்கி, டிஸ்க் வேகத்த அளக்க எஃப்ஐஓ, சிபியுவ அளக்க சிஸ்பெஞ்ச்னு ரெண்டு டூலையும் ஓட்டி, ரிசல்ட்ட எடுத்து வச்சுட்டு விஎம்ம அழிச்சிடும். 15 நாள் கிராஃப், ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. "பாருங்கண்ணா, எவ்ளோ ஸ்டேபிளா இருக்கு"ன்னான். எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா இதே நேர்கோட்ட பாத்து ஏமாந்தவன் நான்.

ஒரு தடவ மட்டும் ஓட்டிட்டு நம்பர எழுதாதீங்க, எஃப்ஐஓ வெர்ஷன மாத்திட்டு பழசோட கம்பேர் பண்ணாதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க.

பூட் ஆன உடனே டெஸ்ட்ட ஆரம்பிக்கறது

உபுண்டு இமேஜ்னா விஎம் எழுந்ததும் மொத தடவ செட்டப் பண்ற கிளவுட்-இனிட் ஒரு பக்கம், தானா ஓடற அப்டேட் ஒரு பக்கம்னு டிஸ்க்க போட்டு உருட்டிட்டு இருக்கும், அந்த நேரத்துல அளந்தா அந்த கூத்தையும் சேத்துத்தான் அளக்கறீங்க. அப்டேட் டைமர நிறுத்துங்க, கிளவுட்-இனிட் முடியற வரைக்கும் காத்திருங்க.

டைரக்ட்=1 போடாம எஃப்ஐஓ ஓட்டறது

இந்த ஆப்ஷன் இல்லாட்டி டேட்டா ரேம்ல இருக்கற கேச் வழியா போகும், டிஸ்க்க விட்டுட்டு பெரும்பாலும் ரேம்மத்தான் அளக்கறீங்க.

கிரெடிட்ட அளந்துட்டு டிஸ்க்க அளந்தேன்னு நினைக்கறது

இத இன்னிக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல. கிளவுட்ல சின்ன டிஸ்க், மலிவு விஎம் பலதும் கிரெடிட் கணக்குலதான் ஓடுது, அதாவது சேத்து வச்ச கிரெடிட் இருக்கற வரைக்கும் வேகம், தீந்தா மெதுவா. அமேசானோட ஜிபி2 (gp2)ங்கற டிஸ்க் வகைய எடுத்துக்கோங்க, கணக்க அவங்களே வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க: ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ்தான் (நொடிக்கு எத்தன தடவ படிக்க, எழுத முடியும்ங்கற கணக்கு) நிரந்தரம், அப்ப 100 ஜிபி டிஸ்க்குக்கு 300. ஆனா டிஸ்க் பிறக்கும்போதே 54 லட்சம் கிரெடிட்ட கைல குடுத்து அனுப்புவாங்க, அது தீர்ற வரைக்கும் 3000 போகலாம். நொடிக்கு 3000 செலவு, 300 வரவு, ஆக சுமார் 33 நிமிஷம். அப்பறம் 300தான். டி2 மைக்ரோ மாதிரி விஎம்ல சிபியுவுக்கும் இதே கததான், கிரெடிட் தீந்தா 10 சதவீதத்துக்கு இறங்கிரும்.

இப்ப தம்பியோட ஸ்கிரிப்ட்ட பாருங்க. தினமும் புது டிஸ்க், அதாவது தினமும் நெறஞ்ச உண்டியல், அதுலேந்து 60 செகண்ட் மட்டும் எடுக்கறான். 15 நாள் என்ன, 15 வருஷம் ஓட்டினாலும் கோடு நேராத்தான் இருக்கும். கையால ஓட்டியிருந்தா ஒரே டிஸ்க்ல திரும்ப திரும்ப ஓட்டி என்னிக்காவது மாட்டியிருப்பான், ஆட்டோமேட் பண்ணினதால தப்பும் நேரம் தவறாம நடக்குது.

நான் மாட்டினது வேற ஒரு கிளவுட்ல, பேர் வேணாம், ரூல் எல்லாம் அவங்க எழுதித்தான் வச்சிருந்தாங்க, படிக்காதது நான்தான். இதே மாதிரி 60 செகண்ட் ரிசல்ட்ட மீட்டிங்ல காட்டி, சின்ன டிஸ்க்கே போதும்னு அடிச்சு பேசி டேட்டாபேஸ அங்க மாத்தினோம். சனிக்கிழமை ராத்திரி டேட்டா லோட் ஆரம்பிச்சோம், மொத அரை மணி நேரம் பறக்குது, டீ குடிச்சுட்டு வந்து பாத்தா ஊர்ந்துகிட்டு கெடக்கு. நெட்வொர்க்க சந்தேகப்பட்டோம், இண்டெக்ஸ சந்தேகப்பட்டோம், விஎம்ம ரீஸ்டார்ட் பண்ணோம், விடியற நேரத்துலதான் ஒருத்தன் டிஸ்க் கிராஃப்ப தொறந்தான், கத்தியால வெட்டின மாதிரி ஒரே எடத்துல விழுந்து தரையோட தரையா போகுது. திங்கக்கிழமை பெரிய டிஸ்க் வாங்கினோம். மிச்சம் புடிக்கலாம்னு நான் சொன்ன காசு அதுலயே போச்சு, மேனேஜர் ஒண்ணும் சொல்லல, அதுதான் ரொம்ப வலிச்சுது.

அதனால டெஸ்ட் ஓடற நேரத்த, அதாவது ரன்டைம்ம, ரெண்டு மணி நேரமாவது வைங்க, நொடிக்கு நொடி லாக் எழுத சொல்லுங்க. சராசரிய மட்டும் சேமிச்சா மறுபடியும் ஏமாறுவீங்க: மேல சொன்ன 100 ஜிபி டிஸ்க்குக்கு ரெண்டு மணி நேர சராசரி 1050னு வரும், ஆனா அந்த டிஸ்க் 3000ல ஓடிச்சு, இல்ல 300ல ஓடிச்சு, 1050ல ஓடினதே கெடையாது.

எழுதாத டிஸ்க்க படிக்கறது

தின் ப்ரொவிஷன் பண்ணின, அதாவது எழுத எழுதத்தான் இடம் ஒதுக்கற டிஸ்க்ல, எழுதாத பிளாக் ஹோஸ்ட்லயே (விஎம்ம தாங்கற நிஜ மெஷின்) இருக்காது, படிக்க கேட்டா சும்மா சைபர நிரப்பி குடுத்துரும். ராக்கெட் வேகம் வரும். மொதல்ல முழுசா எழுதி நிரப்பிட்டு அப்பறம் படிங்க.

ஸ்டீல் டைம்ம பதிவு பண்ணாம விடறது

லினக்ஸ் டாப் கமாண்ட்ல எஸ்டி (st)ன்னு ஒரு நம்பர் வருமே, அதுதான் ஸ்டீல் டைம், அது ஏறினா பக்கத்து விஎம் உங்க சிபியுவ தின்னுதுன்னோ, கிரெடிட் தீந்து உங்க சிபியுவ கொறச்சுட்டாங்கன்னோ அர்த்தம். கூடவே சிபியு மாடலையும் எழுதி வைங்க, ஒரே டைப் விஎம்னாலும் உள்ள வேற வேற சிபியு வரலாம்.

விஎம்ம அழிக்கற ஸ்டெப்

ஸ்கிரிப்ட் பாதில செத்தாலும் அது ஓடியே ஆகணும்.

தம்பி நேத்து ரன்டைம்ம மாத்தி ஓட விட்டான். இன்னிக்கு காலைல ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினான், 34-வது நிமிஷத்துல கோடு செங்குத்தா கீழ விழுந்திருக்கு, கீழ ஒரு வார்த்த எழுதல.