கிட்னி கல்லுக்கு கீஹோல் ஆபரேஷனா? இந்த தப்பையெல்லாம் பண்ணிடாதீங்க

என் மாமாவுக்கு கிட்னில கல்லு எடுத்த ஆபரேஷன் சூப்பரா முடிஞ்சுது, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாரு, முதுகுல போட்ட ஓட்டை பத்து நாள்ல மூடிடுச்சு. ஆனா யூரின் தடையில்லாம போக உள்ள வெச்ச ஸ்டென்ட்ங்கற மெல்லிசான குழாய எடுக்கணும்ங்கறத நாங்க எல்லாருமே மறந்துட்டோம். பத்து மாசம் கழிச்சு திரும்ப வலி, ஜுரம்னு போய் ஸ்கேன் பண்ணா அந்த ஸ்டென்ட் மேலயே சுண்ணாம்பு பூசின மாதிரி கல்லு படிஞ்சு கெடக்கு. மறுபடி மயக்க மருந்து, மறுபடி லேசர். அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு.

இந்த ஆபரேஷனுக்கு பேரு பிசிஎன்எல். கல்லு 2 செ.மீ.க்கு மேல இருந்தாலோ, மான் கொம்பு மாதிரி கிளை விட்டு கிட்னி முழுக்க பரவியிருந்தாலோ பெரும்பாலும் இதத்தான் சொல்லுவாங்க. முதுகுல விலாவுக்கு பக்கத்துல சுமார் 1 செ.மீ. கீறி, ஸ்கேனோ எக்ஸ்ரேவோ பாத்துக்கிட்டே கிட்னிக்குள்ள ஒரு பாதை போட்டு, அது வழியா கேமரா உள்ள போய் லேசர் மாதிரி கருவியால கல்ல உடைச்சு துண்டு துண்டா வெளிய எடுப்பாங்க. ஸ்வீடன்ல 1976லயே இத பண்ணி எழுதியிருக்காங்க, அதனால நேத்து வந்த புது சமாச்சாரம்னு பயப்பட வேணாம்.

வலி நின்னுடுச்சு, அப்ப கல்லு போயிடுச்சுன்னு ஆபரேஷன தள்ளிப்போடறவங்க நிறைய பேர் இருக்காங்க. கல்லு யூரின் போற குழாய அடைச்சாதான் அந்த உயிர் போற வலி வரும். கிட்னிக்குள்ளயே உக்காந்திருக்கற பெரிய கல்லு வருஷக்கணக்கா சத்தமே போடாம கிட்னிய கெடுத்துடும், வலி இல்லங்கறத வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, ஸ்கேன் எடுத்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது, ஓட்டை சின்னதுதானே, ஆபரேஷனும் சின்னதுதான்னு நெனைக்கறது. இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு ரெண்டு கிட்னிக்கும்தான் போகுது, அந்த உறுப்புல ஓட்டை போடறாங்க. அதனால ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தத்த இளக்கற மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்னாடியே சொல்லிடுங்க, மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை மருந்துன்னு சாதாரணமா நெனைக்கறதையும் சேத்து சொல்லுங்க. ஆனா நீங்களா நிறுத்தவும் கூடாது. இதயத்துல ஸ்டென்ட் வெச்சவங்க மாத்திரைய தானா நிறுத்தினா அங்க அடைச்சுக்கும், அது இத விட பெரிய ஆபத்து. எத எத்தன நாள் நிறுத்தணும்னு இதய டாக்டரும் கல்லு ஆபரேஷன் பண்ற யூரோ டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

யூரின்ல கிருமி இருக்கான்னு வளர்த்து பாக்கற யூரின் கல்ச்சர் டெஸ்ட் பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்றேன். எரிச்சலே இல்ல, எதுக்கு இந்த டெஸ்ட், ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகுதுன்னு அவசரப்படாதீங்க. பாக்டீரியா கல்லுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், கல்ல உடைக்கும்போது அது ரத்தத்துல கலந்துடுச்சுன்னா செப்சிஸ், அதாவது உடம்பு முழுக்க பாதிச்சு உயிருக்கே ஆபத்தாகற நிலை வரைக்கும் போகும். இந்த ஆபரேஷன்ல டாக்டருங்க ரொம்ப பயப்படற விஷயங்கள்ல இது ஒண்ணு. கிருமி இருக்குன்னு வந்தா ஆன்டிபயாட்டிக் கோர்ஸ முடிச்சுட்டுதான் போகணும், நடுவுல விடக்கூடாது. அதே மாதிரி வீட்டுக்கு வந்தப்பறம் குளிர் நடுக்கத்தோட ஜுரம் 38 டிகிரி செல்சியஸ தாண்டினா பாராசிட்டமால் போட்டுட்டு காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பிடுங்க.

யூரின் சில நாள் ரோஸ் கலர்ல வரும், அது பரவால்ல. யூரின் வடியறதுக்காக முதுகுல ட்யூப் வெச்சிருந்தா, அத எடுத்த எடத்துலேர்ந்து ஒண்ணு ரெண்டு நாள் கசிஞ்சு துணி நனையலாம், அதுவும் பரவால்ல. ஆனா யூரின் தெளிஞ்சதுக்கப்பறம் திடீர்னு செக்கச்செவேல்னு, கட்டி கட்டியா ரத்தம் வந்தா அது வேற கதை. உள்ள காயம் பட்ட ரத்தக்குழாய் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு கூட திறந்துக்கும். ஒரு வாரத்துலயே நல்லாத்தான இருக்கேன்னு கனமான மூட்டைய தூக்கறது, ஜிம்முக்கு போறதெல்லாம் வேணாம், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பொறுங்க.

இப்ப ஸ்டென்ட்டுக்கு வரேன். டிஜே ஸ்டென்ட்ங்கறது கிட்னிலேர்ந்து மூத்திரப்பை வரைக்கும் போற மெல்லிசான குழாய், வழுக்கி விழாம இருக்க ரெண்டு முனையும் பன்னி வால் மாதிரி சுருண்டிருக்கும். எல்லாருக்கும் வைக்க மாட்டாங்க, வெச்சாங்களா இல்லையான்னு கேட்டு தெரிஞ்சுக்கறது உங்க பொறுப்பு. அது உள்ள இருக்கற வரைக்கும் அடிக்கடி யூரின் வரும், போகும்போது இடுப்புல சுருக்குன்னு இழுக்கும், கல்லு திரும்ப வந்துடுச்சோன்னு பயந்துடாதீங்க, இத குறைக்க மாத்திரை இருக்கு. பொதுவா சில வாரத்துல எடுத்துடுவாங்க, நிறைய பேருக்கு ஜெல் தடவி கேமரா விட்டு சில நிமிஷத்துல முடியற வேலை. மாசக்கணக்கா விட்டாதான் கல்லு படிஞ்சு எங்க மாமா கதை ஆயிடும். வலி குறைஞ்சு பழகிப்போனதும்தான் மறப்போம், அதனால டிஸ்சார்ஜ் அன்னிக்கே எடுக்க வேண்டிய தேதிய கேட்டு வீட்ல ரெண்டு பேர் ஃபோன்ல அலாரம் வெச்சுடுங்க.

எடுத்த கல்ல டப்பால போட்டு வீட்டுக்கு கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டறத விட லேபுக்கு அனுப்பறது முக்கியம். கால்சியம் ஆக்சலேட்டா, யூரிக் ஆசிடா, இன்ஃபெக்‌ஷன்னால வந்த கல்லான்னு தெரிஞ்சாதான் அடுத்தது வராம தடுக்க என்ன பண்ணணும்னு சொல்ல முடியும். கால்சியம் கல்லுன்னு ரிப்போர்ட் வந்த உடனே பாலையே நிறுத்திடறாங்க, அதுவும் தப்பு. சாப்பாட்டுல இருக்கற கால்சியம்தான் கல்லு உருவாக காரணமான ஆக்சலேட்ட குடல்லயே பிடிச்சு வெளிய அனுப்புது, அத நிறுத்தினா ஆக்சலேட் கிட்னிக்கு அதிகமா வந்து சேரும். குறைக்க வேண்டியது உப்பு. தண்ணிய எத்தன டம்ளர் குடிச்சோம்னு எண்ணறத விட, ஒரு நாளைக்கு யூரின் ரெண்டரை லிட்டர் கிட்ட போகுதான்னு பாருங்க. ஏற்கனவே கிட்னி வேலை செய்யறது குறைஞ்சவங்க, இதய நோய் இருக்கறவங்க மட்டும் தண்ணி அளவையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க.

கடைசியா ஃபாலோ அப் ஸ்கேன். பெரிய கல்ல உடைக்கும்போது ஒண்ணு ரெண்டு துணுக்கு மூலைல தங்கிடறது உண்டு, அதுவே அடுத்த கல்லுக்கு விதை. அந்த ரிப்போர்ட்ல துணுக்கு மிச்சம் இருக்கா, எத்தன மி.மீ.ன்னு நேரா கேளுங்க.